புல் காய்ந்ததற்கு அரசாங்கம் ஏன் காசு கொடுக்கணும்?

கேள்வி, 11 செப்டம்பர் 2025

அமெரிக்காவில் மழை பொய்த்து மேய்ச்சல் நிலம் காய்ந்தால் மாடு வளர்ப்பவர்களுக்கு அரசே பணம் தருகிறதாம். பிரீமியம் கட்ட வேண்டாம், புல் எவ்வளவு போச்சு என்று யாரும் வந்து அளக்கவும் மாட்டார்களாம். ஆனால் அந்தப் பண்ணைக்காரர்கள் வாயைத் திறந்தால் அரசாங்கம் எங்கள் வேலியைத் தாண்டி வரக்கூடாது என்பார்கள். கஷ்டம் வந்தால் மட்டும் கை நீட்டுவதா? ஊரை ஏய்க்கும் வேலை என்கிறேன். அங்கே மாடு வைத்திருப்பவர் யாராவது இருந்தால் மறுத்துப் பேசுங்கள்.

12 செப்டம்பர் 2025

நான் வைத்திருக்கிறேன். அந்தப் பணத்தை வாங்கியும் இருக்கிறேன். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

மத்திய டெக்சாஸில் 110 ஏக்கர், முழுக்கத் தானாக முளைக்கும் நாட்டுப்புல். சோறு போடுவது கம்ப்யூட்டர் வேலைதான். நிலம் வாங்கியதே வரிக் கணக்குப் பார்த்து: இங்கே மாடு மேயும் நிலத்துக்குச் சந்தை விலையில் இல்லாமல் விளைச்சல் மதிப்பில் சொத்து வரி போடுவார்கள். இந்தப் பக்கம் நம்ம ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான் மாட்டுக்காரர் ஆனார்கள். எனக்கென்ன கேடோ, காங்கேயத்துக்காரன் என்ற திமிரில் சொந்தமாக 22 மாடு வாங்கிவிட்டேன்.

நீங்கள் சொல்வது எல்எஃப்பி. லைவ்ஸ்டாக் ஃபோரேஜ் டிசாஸ்டர் புரோகிராம். நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. பிரீமியம் கிடையாது, யாரும் வந்து புல்லை அளப்பதும் கிடையாது. அளப்பது ஒரு வரைபடம். ஆனால் வித்துட்ட மாட்டுக்குப் பணம் வராது, அதனால் இது மாட்டை விற்காமல் கட்டி அழ வைக்கிற திட்டம் என்பதுதான் என் புகார். மீதி நாளைக்கு.

13 செப்டம்பர் 2025

வரைபடத்தின் பெயர் டிரவுட் மானிட்டர், எங்கே எவ்வளவு வறட்சி என்று காட்டுவது. 1999-லிருந்து வருகிறது. நெப்ராஸ்கா லிங்கன் பல்கலைக்கழகத்தில் உள்ள வறட்சி மையம், மத்திய விவசாயத் துறை, வானிலைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து போடுவது. வறட்சி கூடக் கூட நிறம் மாறும்: டி0 மஞ்சள், அங்கிருந்து ஏறிக்கொண்டே போய் டி2 ஆரஞ்சு, டி3 சிவப்பு, டி4 கருஞ்சிவப்பு. வாரா வாரம் வியாழக்கிழமை காலை எங்கள் நேரப்படி ஏழரைக்கு வெளியாகும். 2022 கோடையில் அந்த ஏழரை மணிக்கு நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்துகொண்டு கீழே போனில் எங்கள் கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நிறம் பார்ப்பேன். பரீட்சை ரிசல்ட் மாதிரி. வித்தியாசம், இங்கே மோசமாகப் போனால்தான் பாஸ்.

விதி இப்படி இருந்தது. கவுண்டியின் எந்த மூலையிலாவது, மேய்ச்சல் காலத்துக்குள், டி2 தொடர்ந்து எட்டு வாரம் நின்றால் ஒரு மாதத் தீனிக் கணக்குக்குப் பணம். டி3 ஒரு தடவை வந்தாலே மூன்று மாதம். டி3 மொத்தம் நான்கு வாரம், அல்லது டி4 ஒரு தடவை என்றால் நான்கு. டி4 நான்கு வாரம் என்றால் ஐந்து. இந்த வருடம் ஜூலையில் கையெழுத்தான சட்டம் அந்த எட்டு வாரத்தை நான்காகக் குறைத்துவிட்டது. சரியான வேலை என்பேன். ஏழாவது வாரம் ஒரு தூறல் போட்டு நிறம் ஒரு படி இறங்கினால் எட்டு வாரக் கணக்கு திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பம், தூறல் புல்லை எழுப்பாது, காசை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். மழை வந்ததற்கு முகம் சுளிக்கிற விவசாயியை நீங்கள் பார்த்ததில்லையே, நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

13 செப்டம்பர், இரவு

"எந்த மூலையிலாவது" என்று எழுதினேன் அல்லவா, அதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

எங்கள் வேலிக்கு வெளியே ஒரு மண் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த கவுண்டி. எழுபது வயதுக்கு மேல் ஆன பெரியவர் ஒருவர் அங்கே குத்தகை நிலத்தில் மாடு வைத்திருக்கிறார். எனக்குக் கன்று இழுக்கக் கற்றுக்கொடுத்தவர். 2023-ல் எங்கள் கவுண்டியின் வடக்கு மூலை சிவப்பானது. என் இடத்திலிருந்து முப்பது மைல். என் பக்கம் மே, ஜூனில் ஓரளவு மழை, புல் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. பெரியவர் கவுண்டி அந்த வருடம் ஆரஞ்சைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது, எட்டு வாரம் சேரவே இல்லை. ஒரே மழை, ஒரே புல், நடுவில் இருபதடி ரோடு. எனக்கு மூன்று மாதக் கணக்கு, அவருக்குச் சைபர்.

மேய்ச்சல் நட்டம் ஏற்பட்டது என்று நாம் கையெழுத்துப் போட வேண்டும். எவ்வளவு நட்டம் என்று படிவம் கேட்காது. ஆகஸ்டில் புல் குறைந்தது உண்மை. போட்டேன். பொய் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தச் செக் வந்த வாரம் பெரியவர் வந்து வேலிக் கம்பி இழுக்கக் கை கொடுத்தபோது நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

15 செப்டம்பர் 2025

திருத்தம். முதல் குறிப்பில் விற்ற மாட்டுக்குப் பணம் வராது என்று அடித்துச் சொன்னேன். தப்பு. வறட்சி தொடங்கிய தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் மாடு நம் கையில் இருந்திருந்தால் போதும், அப்புறம் விற்றாலும் அந்த வருடக் கணக்கில் சேரும். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் வறட்சியால் விற்ற மாட்டுக்கும் உண்டு, அதற்கு 80 சதவீத விகிதம். ஆக, சட்டம் மாட்டைக் கட்டிப்போடவில்லை. படிக்காமல் மாட்டைக் கட்டிக்கொண்டு அழுதது நான். புகாரை வாபஸ் வாங்குகிறேன். பாதியை.

15 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழித்து

எவ்வளவு வரும் என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு விசித்திரமானது, ரசிக்கலாம்.

வளர்ந்த மாடு ஒன்று ஒரு நாளைக்கு 15.7 பவுண்டு மக்காச்சோளம் தின்னும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மேய்கிற மாடு மக்காச்சோளத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது, இது தீனிச் செலவை அளக்க ஒரு படி, அவ்வளவுதான். முப்பது நாளுக்கு 471 பவுண்டு. ஒரு புஷல் என்பது 56 பவுண்டு. புஷல் 5 டாலர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 42 டாலர். அதில் 60 சதவீதம்தான் கொடுப்பார்கள்: 25 டாலர் சில்லறை. அதிலும் பட்ஜெட் வெட்டு என்று 5.7 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள்.

2022-ல் எங்களுக்கு ஐந்து மாதக் கணக்கு, கருஞ்சிவப்பு. 22 மாடு, மாதம் 25, ஐந்து மாதம், 2,750 என்று மனசுக்குள் போட்டுவைத்தேன்.

செலவுப் பக்கம் பாருங்கள். அந்த ஜூலையில் புல் காலில் பட்டால் சோளப்பொரி மாதிரி நொறுங்கியது. குளத்தில் தண்ணீர் இறங்கி நடுவில் சேறு, மாடு அதில் இறங்கி மாட்டிக்கொள்ளுமோ என்று ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். ஹே வாங்க ஆரம்பித்தோம். நம்ம ஊர் வைக்கோல் இல்லை, பச்சைப்புல்லை அறுத்துக் காயவைத்து ஆள் உயரத்துக்கு உருளையாகச் சுருட்டியது, ஒன்று ஆயிரம் பவுண்டு. வசந்தத்தில் 60 டாலருக்கு வாங்கியது ஆகஸ்டில் 120. இருபத்திரண்டு மாட்டுக்கு ஒரு கட்டு ஒன்றரை நாள் தாங்கும். ஐந்து மாதத்துக்கு எத்தனை கட்டு, எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், நான் பெருக்கிப் பார்த்த ராத்திரியில் தூங்கவில்லை. பணம் வந்ததோ அடுத்த வருடம்.

ஊரை ஏய்த்து இந்த லட்சணத்தில் சம்பாதிப்பவன் இருந்தால் எனக்கு அறிமுகப்படுத்துங்கள்.

16 செப்டம்பர் 2025

"அப்போ 2,750 டாலர் சும்மா வந்துச்சா இல்லையா" என்று மடக்குகிறார் ஒரு நண்பர். இல்லை. வந்தது அதில் ஏறக்குறையப் பாதி.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விதியில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, கையில் இருக்கும் மாட்டுக்கு ஆகும் தீனிச் செலவு. இன்னொன்று, சாதாரண வருடத்தில் உன் நிலம் எத்தனை மாட்டைத் தாங்குமோ அத்தனை மாட்டின் தீனிச் செலவு. இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் பணம். எந்தப் புல் எத்தனை ஏக்கருக்கு ஒரு மாட்டைத் தாங்கும், அதன் மேய்ச்சல் காலம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதெல்லாம் கவுண்டிக்கு முன்கூட்டியே முடிவாகி இருக்கும். அங்கே விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி ஒன்று உண்டு, அவர்கள் கையில் அது.

மனு கொடுக்கப் போன ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மா கால்குலேட்டரைத் தட்டினார். நாட்டுப்புல், பத்து ஏக்கருக்கு ஒரு மாடு. நூற்றிப்பத்து ஏக்கர். பேப்பரை என் பக்கம் திருப்பினார். பதினொன்று.

"உங்களிடம் எத்தனை?" என்றார். இருபத்திரண்டு என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

16 செப்டம்பர், இரவு

அப்பாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன் (அப்போது, 2022-ல்). காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொரங்காடு உண்டு. தெரியாதவர்களுக்கு: மானாவாரி மேய்ச்சல் காடு, கிளுவை முள்வேலி போட்டுப் பிரித்தது, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். ஒரு காட்டில் மேய்த்து அடுத்ததை ஆறப்போடுவார்கள். அப்பா முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, ஆறப்போட எத்தன காடு வெச்சிருக்கற?" என்றார். ஒன்றுதான், மொத்தமும் ஒரே வேலி என்றேன். "அப்பறம் மழைய எதுக்கு வையற?" என்று வைத்துவிட்டார்.

18 செப்டம்பர் 2025

நம்ம ஊரில் என்ன தருகிறார்கள் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்களே, அப்போது அப்பா உலர் தீவனத்துக்கு வரிசையில் நின்றார். அங்கே உதவி பெரும்பாலும் பொருளாக வரும்: மானிய விலையில் தீவனம், மகாராஷ்டிரம் பக்கம் என்றால் தீவன முகாம், மாட்டை ஓட்டிக்கொண்டுபோய் முகாமில் கட்ட வேண்டும். இங்கே பணமாக, தபாலில் தாமதமாக. அப்பாவுக்கு அந்த மாசமே வைக்கோல் கிடைத்தது. எனக்குப் புல் முளைத்த பிறகு செக் கிடைத்தது. எது மேல் என்று நான் சொல்லவில்லை, அப்பா நின்ற வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

21 செப்டம்பர் 2025

தாமதம் என்றேன், ஆனால் பெரியவர் கதையைக் கேட்டால் நான் புலம்பவே கூடாது. இந்தத் திட்டம் பிறந்தது 2008 விவசாயச் சட்டத்தில். அப்போது பயிர்க் காப்பீடோ அதற்கு ஈடானதோ எடுத்திருந்தால்தான் சேர முடியும். 2011 செப்டம்பர் 30-ல் காலாவதி. எப்படிப்பட்ட நேரம் என்றால் டெக்சாஸ் வரலாற்றிலேயே மழை மிகக் குறைந்த பன்னிரண்டு மாதங்கள் முடிகிற அதே நாள். அந்த வறட்சியில் மாநிலத்தின் விவசாய நட்டம் 762 கோடி டாலர், அதில் கால்நடை மட்டும் 323 கோடி என்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆட்கள் கணக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் 2012, நாட்டின் நடுப்பகுதி முழுக்கக் காய்ந்தது, திட்டமே இல்லை. 2014 பிப்ரவரியில்தான் புதுச் சட்டம் வந்து, நிரந்தரம் என்று ஆக்கி, காப்பீடு நிபந்தனையை எடுத்து, 2011 அக்டோபர் 1 முதல் பின்தேதியிட்டுக் கொடுத்தார்கள். மனு வாங்க ஆரம்பித்தது ஏப்ரல் 15.

பெரியவர் 2012-ல் நாற்பது மாட்டை ஏலக் கொட்டகைக்கு ஏற்றினார். பணம் 2014-ல் வந்தது. "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "டிராக்டர் டயர் மாற்றினேன். மாடுதான் இல்லையே" என்றார்.

22 செப்டம்பர் 2025

இல்லை, கோடீஸ்வரர்கள் அள்ளிக்கொண்டு போகவில்லையா என்றால், ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 1,25,000 டாலர் உச்சவரம்பு. ஆனால் பெரிய பண்ணைகளில் அண்ணன், தம்பி, மருமகள் என்று ஆளுக்கொரு பங்கு இருந்தால் ஆளுக்கொரு உச்சவரம்பு. நிலச் சொந்தக்காரருக்குச் சும்மா வராது, மாட்டுக்கும் மேய்ச்சலுக்கும் பொறுப்பானவருக்குத்தான், அது எனக்குப் பிடித்த விதி. தண்ணீர் பாய்ச்சும் நிலம் சேராது. சவாரிக்கு வளர்க்கிற குதிரை சேராது. ஈமு சேரும். ஆமாம், அதே ஈமுதான். ஈரோட்டு நண்பர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

29 செப்டம்பர் 2025

காட்டுத்தீ பற்றிக் கேட்டீர்கள். 2024 பிப்ரவரி 26-ல் டெக்சாஸின் வடக்கு முனையில் பிடித்த ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது, இந்த மாநிலத்தில் அதுவரை அவ்வளவு பெரிய தீ கிடையாது. ஆயிரக்கணக்கில் மாடு செத்தது. பிழைத்தவற்றில் பலவற்றுக்கு மடி வெந்து, குளம்பு கழன்று, பிறகு சுட வேண்டியதாகிவிட்டது. அங்கே புல் போனவர்களுக்கு எல்எஃப்பி வந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். வராது. இதில் தீ என்றால் மத்திய அரசு நிலத்தில் பிடித்து, அங்கே மேய்க்காதே என்று தடுத்தால் மட்டும். டெக்சாஸில் அநேகமாக எல்லாம் தனியார் நிலம். அதற்கு இஎல்ஏபி என்று வேறொன்று, செத்த மாட்டுக்கு எல்ஐபி என்று இன்னொன்று, சந்தை விலையில் 75 சதவீதம். எரிந்த வேலிக்கு மூன்றாவது ஒன்று. வீட்டோடு எல்லாம் எரிந்தவன் ஒவ்வொன்றுக்கும் தனி மனு எழுத வேண்டும், மாடு இருந்ததற்கு ரசீது வேறு காட்ட வேண்டும். ரசீது வீட்டுக்குள் இருந்திருக்கும்.

6 அக்டோபர் 2025

பிரீமியம் கட்டுகிற வழியும் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார், சரிதான். பிஆர்எஃப் என்ற காப்பீடு. கால் டிகிரி கட்டம் போட்டு, இரண்டிரண்டு மாத மழையை அந்த இடத்தின் பழைய சராசரியோடு ஒப்பிட்டுக் கொடுப்பது. பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசு கட்டும், ஆக அதுவும் முழுக்க நம் காசில்லை. 2023-லிருந்து எடுக்கிறேன். அதுவும் புல்லைப் பார்ப்பதில்லை. என் கட்டத்தில் மழை பெய்ததாகச் சொல்லும், என் மழைமானியில் ஒரு தவளை உட்கார்ந்திருக்கும்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், புல்லைப் பார்த்துத்தான் தருவேன் என்றால் யார் வந்து பார்ப்பது? டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டி. ஆள் வந்து அளந்தால் அளக்க வந்தவருக்கு என்ன கொடுத்தால் எவ்வளவு எழுதுவார் என்பதில்தான் போய் முடியும், அது நம்ம ஊர்க்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வரைபடத்துக்கு நான் டீ வாங்கிக்கொடுக்க முடியாது. அதனால் 13-ம் தேதி ராத்திரி எழுதிய ஆத்திரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தால் குறைத்திருக்க மாட்டேன்.

20 அக்டோபர் 2025

கடைசியில் 2022-ல் என்ன செய்தாய் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

செப்டம்பரில் பத்து மாட்டை விற்றேன். தாமதம். ஜூனில் விற்றிருக்க வேண்டும், எல்லோரும் ஏற்றிய அதே வாரங்களில் நானும் ஏற்றினேன், கொட்டகை வாசலில் டிரெய்லர் வரிசை ஒரு மைலுக்கு நின்றது. நல்ல மாடு 800 டாலருக்குப் போனது. அப்படி நாடு முழுக்க விற்று விற்றுத்தான் 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் இறைச்சிக்காக வளர்க்கும் தாய் மாடுகள் 2 கோடியே 82 லட்சத்துக்கு இறங்கியது, 1961-க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. இப்போது சினை மாடு ஒன்று 3,500 சொல்கிறார்கள். வாங்கவில்லை.

பன்னிரண்டு மாடுதான் இருக்கிறது. அந்த அம்மா கால்குலேட்டரில் காட்டியதைவிட ஒன்று கூட. அந்த ஒன்று என் மகள் பாட்டில் பால் கொடுத்து வளர்த்தது, அதை விற்கச் சொல்லி எந்தக் கமிட்டியாலும் முடியாது. 2022 பணத்தில் மின்வேலி வாங்கி நிலத்தை ஆறாகப் பிரித்தேன். அப்பாவுக்குப் போட்டோ அனுப்பினேன், "கிளுவ நட்டிருந்தா நெழலாச்சும் இருந்திருக்கும்" என்று பதில்.

13 நவம்பர் 2025

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "ஆக, கொடுக்கலாமா கூடாதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க" என்கிறார். கொடுக்கலாம். ஆனால் பதினொன்றுக்குத்தான், இருபத்திரண்டுக்கு இல்லை. அதை அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார்கள், அது சரிதான் என்று எனக்குத்தான் புரிய மூன்று வருடம் ஆனது.

இன்று வியாழன். ஏழரை மணிக்குப் பார்த்தேன். மஞ்சள். பெரியவர் பக்கமும் மஞ்சள். அவரிடம் 2023 செக் விஷயத்தைப் போன வாரம் சொன்னேன். "தெரியும், அந்த வரைபடத்தை நானும்தான் பார்க்கிறேன்" என்றார், அப்புறம் நாலாவது காட்டில் ஒரு கம்பம் சாய்ந்திருக்கிறது, மண் ஈரமாக இருக்கும்போதே நட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.